லொத்தர்ச் சோறு

உந்த நோட்டீசிலை கிடக்கிற, லைப்ரரிக்கு மேல் மாடியிலை நடக்கிற வியாழக்கிழமைச் சாப்பாட்டைத்தானே கேக்கிறீர் பிள்ளை? பஸ் டிரைவரைக் கேட்டு வேலையில்லை, அவனுக்கு உதொண்டும் தெரியாது. இஞ்சை வந்து என்ரை பக்கத்திலை இரும். இன்னும் தூரம் கிடக்கு. றோட்டு வேலை நடக்கிறபடியால் இண்டைக்கு ஊர்ந்துதான் போவான். ஆருக்கு விசாரிக்கிறீர், உம்மடை அப்பாவுக்கோ? பகலிலை தனிய இருக்கிறாரோ. ஓம், இந்த நாட்டிலை எல்லா வீட்டிலையும் உதுதான் கதை.

கூட்டிக்கொண்டு போம். நான் மறிக்கேல்லை. ஆனால் அங்கை படியேற முன்னம் அந்தச் சாப்பாடு ஆருடையது எண்டு தெரிஞ்சுகொண்டு ஏறும். அங்கை உமக்கு வேறை கதை சொல்லுவினம். சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லுவினம். அதைத் துவக்கினது நான். என்ரை பேர் கனகாம்பிகை. அங்கை போய் அந்தப் பேரைச் சொல்லிப் பாரும், ஒருத்தரும் வாய் திறக்க மாட்டினம்.

என்ரை மனிசனுக்குப் பாரிசவாதம் வந்து வலக்கையும் பேச்சும் போன பிறகுதான் துவக்கினனான். சிவகடாட்சம் எண்டால் ஊரிலை தெரியாத ஆள் இல்லை. கச்சேரியிலை பெரிய அரசாங்க உத்தியோகம். இஞ்சை வந்து பெற்றோல் செட்டிலை இரவு வேலை செய்தவர், அது வேறை கதை. வருத்தம் வந்த பிறகு நாள் முழுக்க ஜன்னலுக்குள்ளாலை றோட்டைப் பாத்துக்கொண்டிருப்பார். பாக்கச் சகிக்க ஏலாமல், இப்பிடி வீட்டுக்குள்ளை கிடக்கிற ஆக்களைத் தேடிச் சேர்த்தன். சேர்ச்சின்ரை ஹோலை வாடகைக்கு எடுத்து, வியாழன் மத்தியானம் மரக்கறிச் சாப்பாடு. சாப்பிட்டு, ஊர்க்கதை கதைச்சு, காட்ஸ் விளையாடிப்போட்டுப் போவினம். சங்கத் தலைவி நான். காசுப் பொறுப்பு இரத்தினசபாபதி மாஸ்ரர். சமையல் நானும் இன்னும் ரெண்டு பேரும். எல்லாம் எங்கடை ஆக்கள், ஒரு கரைச்சலும் இல்லை.

பேந்து சேர்ச்சிலை வாடகையைக் கூட்டினவை. எங்களாலை ஏலாமல் போச்சு. அந்த நேரம்தான் கவுன்சில்காறர் லொத்தர் துவங்கினவை. ரீவியிலை வாற பெரிய லொத்தர் இல்லை, இது கவுன்சில் தானே நடத்திறது. சனம் கிழமைக்கு ஒரு பவுண் குடுத்து ரிக்கற் எடுக்கும். கொஞ்சப் பேருக்குப் பரிசு விழும். மிச்சத்தை இந்தப் பகுதியிலை இருக்கிற சங்கங்களுக்குப் பிரிச்சுக் குடுப்பினம். பூனை வளக்கிற சங்கத்துக்குக் குடுக்கினம், சேர்ச் மணி அடிச்சுப் பழகிற சங்கத்துக்குக் குடுக்கினம், எங்களுக்கு ஏன் தரக்கூடாது எண்டு நானே கவுன்சிலுக்கு நேரை போய்க் கேட்டனான்.

அதைப் பாக்கிறதுக்கு டெனீஸ் எண்டு ஒரு கறுப்புப் பெட்டை. நல்ல பிள்ளை எண்டுதான் அப்ப நினைச்சனான். வீட்டை கூப்பிட்டு, என்ரை சாப்பாட்டு மேசையிலை இருத்தி, தோசை சுட்டுச் சுட்டுப் போட்டனான். இதை ஏன் உமக்குச் சொல்லுறன் எண்டால், பேந்து என்னைப்பற்றி என்னென்னவோ கதை கட்டினவை. நான் சாதி பாக்கிற ஆள் இல்லை பிள்ளை. என்ரை வீட்டிலை வெள்ளைக்காறர் சாப்பிட்டிருக்கினம், கறுப்பர் சாப்பிட்டிருக்கினம், பக்கத்து வீட்டுப் பாகிஸ்தான்காறி நோன்புச் சாப்பாடு கொண்டுவந்து தந்தால் அந்தப் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் குடுத்ததில்லை. அப்பிடிப்பட்ட என்னை.

சரி. டெனீஸ் ரெண்டு விசயம் கேட்டவள். ஒண்டு, சங்கம் எல்லாருக்கும் திறந்திருக்க வேணும். ஆரும் வரலாம், ஆரும் எந்த வேலையும் எடுத்துச் செய்யலாம். நான் உடனை ஓம் எண்டு சொன்னனான். மற்றது, நாங்களும் எங்கடை பக்கத்தாலை லொத்தர் ரிக்கற் எடுக்க ஆக்களைச் சேர்க்க வேணும். எடுக்கிற ஆள் எங்கடை சங்கத்தின்ரை பேரைச் சொன்னால் அதிலை ஒரு பங்கு நேரை எங்களுக்கு வரும்.

இதைக் கேட்டு மாஸ்ரர் குதிச்சவர். சூதாட்டக் காசிலை சமைச்ச சோறு தன்ரை தொண்டையாலை இறங்காதாம். லொத்தர்ச் சோறு எண்டு பேரும் வச்சவர். நான் விட்டனோ? வாடகையை உங்கடை பென்சனிலை கட்டுறியளோ எண்டு கேட்டன். கொஞ்ச நாளிலை அவரே கள்ளமா ரிக்கற் எடுக்கத் துவங்கி, என்னவோ சின்னப் பரிசு விழுந்து, புதுச் சுவெற்றர் போட்டுக்கொண்டு வந்து சப்பாத்துக் கால் ஆட்டிக்கொண்டு இருந்தவர். அந்த மனிசனைத்தான் நான் நம்பினனான்.

ஆனால் வேறை ஆர் ரிக்கற் எடுத்தது? எங்கடை சனம் சாப்பிட வரும், ஒரு பவுண் எடுக்கச் சொன்னால் போன் வந்த மாதிரி எழும்பி வெளியிலை போகும். ரிக்கற் விக்க வேணுமே எண்டு நான் தலையைப் பிச்சுக்கொண்டிருக்கிற நேரத்திலை வந்தவதான் தவமலர்.

ஸ்ரேசனுக்குப் பக்கத்திலை மரக்கறியும் பலசரக்கும் விக்கிற கடை இருக்கெல்லே, அது அவவும் மனிசனும் நடத்திறது. தகப்பன் செத்த பிறகு வயசானவையோடை இருக்க விருப்பமா இருக்கு, ஏதும் உதவி செய்யட்டோ எண்டு கேட்டு வந்தவ. நல்ல வடிவான சீலை. மரியாதையான கதை. அக்கா அக்கா எண்டு என்னோடை ஒட்டிக்கொண்டு திரிஞ்சவ. எனக்கும் பிடிச்சுத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. கடைக்கு வாற ஆக்களெல்லாரையும் பிடிச்சு லொத்தரிலை சேர்த்துப்போட்டா. குஜராத்திக்காறர், சோமாலிக்காறர், பஸ் ஓடுற ஆக்கள், எல்லாரும் எங்கடை சங்கத்தின்ரை பேரிலை ரிக்கற். எங்களுக்கு வந்த அளவு இந்தப் பகுதியிலை வேறை ஒரு சங்கத்துக்கும் வரேல்லை எண்டு டெனீஸ் சொன்னவள். அரிசிச் சாக்கும் மரக்கறியும் தன்ரை கடையிலை இருந்தே சும்மா கொண்டுவந்து இறக்குவா.

அப்பதான் நான் ஊர் கேட்டனான். எல்லாரும் கேக்கிறதுதானே. ஒரு ஆளைப் பழகினால் எந்த ஊர் எண்டு கேக்கிறது குற்றமோ? சொன்னா. என்ரை அக்காவைக் கட்டிக் குடுத்த ஊர். அப்ப எந்தப் பக்கம், கோயிலடியோ எண்டு கேட்டன். அவ என்ரை முகத்தைப் பாத்தவ. பாத்துப்போட்டு, "இல்லை அக்கா, பனங்கூடலடி" எண்டு சொன்னா. அந்தப் பக்கம் இருக்கிறது எந்த ஆக்கள் எண்டு ஊரிலை ஆரைக் கேட்டாலும் தெரியும்.

மறைக்கேல்லை. அதை நான் சொல்லத்தான் வேணும். மறைக்காமல் நேரை சொன்னா. ஆனால் சொன்ன விதம் ஒண்டிருக்கு பிள்ளை. எனக்கு அது பிடிக்கேல்லை. கொஞ்சம் குனிஞ்சு சொல்லியிருக்கலாம்.

நான் அவவை வரவேண்டாம் எண்டு சொன்னனோ? இல்லை. ஒருநாளும் சொல்லேல்லை. கேட்டுப் பாரும். கதிரை அடுக்கிறது, மேசை துடைக்கிறது, மரக்கறி இறக்கிறது எல்லாம் அவவிட்டைத்தான் விட்டனான். குசினிக்குள்ளை வந்து, அக்கா நான் ஒரு கறி வைக்கட்டோ எண்டு கேப்பா. இண்டைக்கு வேண்டாம், ஆக்கள் காணும் எண்டு சொல்லுவன். அடுத்த கிழமையும் கேப்பா. உம்மடை சீலை பழுதாப்போம் எண்டு சொல்லுவன். அதுக்கடுத்த கிழமை பழஞ்சட்டை ஒண்டைப் போட்டுக்கொண்டு வந்து நிண்டா. அடுப்பு ரெண்டுதான் வேலை செய்யுது எண்டு சொன்னன். விளங்கின ஆளுக்கு விளங்கியிருக்க வேணும். மரியாதையாச் சொல்லுறதை மரியாதையா விளங்கிக்கொள்ளத் தெரியாட்டில் நான் என்ன செய்யிறது.

அரிசி அவவின்ரைதானே எண்டு நீர் கேப்பீர். மாஸ்ரரும் கேட்டவர். அரிசி வேறை, சோறு வேறை. உமக்கு இளம் வயசு, விளங்காது.

இப்பிடியே ஒழுங்காப் போய்க்கொண்டிருந்தது. மாசி மாசம் ஒரு வியாழன் சரியான ஸ்னோ. எனக்குக் காலமை ஆஸ்பத்திரியிலை கண் பாக்கிற தவணை. இவரை வழமையா வாற வானுக்குள்ளை ஏத்தி, ஹோல் பூட்டின்ரை திறப்பை மாஸ்ரரிட்டைக் குடுக்கச் சொல்லி அனுப்பிப்போட்டு நான் போனனான். திரும்பி வரேக்கை பஸ் எல்லாம் நிண்டுபோச்சு. மற்றச் சமையல்காறர் ரெண்டு பேரும் வீட்டை விட்டு வெளிக்கிடேல்லை. நான் கால் புதையப் புதைய நடந்து, விழுந்து எழும்பி ஹோலுக்கு வந்து கதவைத் திறக்கிறன், கறி மணம் மூக்கிலை அடிக்குது.

சமைச்சுப்போட்டா. என்ரை குசினியிலை, என்ரை பானையிலை. முருங்கைக்காய்க் குழம்பு, பயித்தங்காய்ப் பால்கறி, தேங்காய்ப்பால் சொதி. சனம் இருந்து சாப்பிடுது. அதுக்குள்ளை டெனீஸும் வந்து நிக்கிறாள், கமராவோடை ஒரு வெள்ளைப் பெடியனையும் கூட்டிக்கொண்டு. லொத்தர்க் காசு எங்கை போகுது எண்டு சனத்துக்குக் காட்டப் படம் எடுக்கினமாம். டெனீஸின்ரை கையிலையும் ஒரு பிளேட்.

நான் கத்தேல்லை. நான் அப்பிடிச் சத்தம் போடுற குடும்பத்துப் பொம்பிளை இல்லை. பானையைத் திறந்து மணந்து பாத்திட்டு, பால் திரைஞ்சுபோச்சு, வயசுபோன ஆக்களுக்கு வயித்துக்குக் கூடாது, ஒருத்தரும் சாப்பிட வேண்டாம் எண்டு சொன்னன். சொதியைச் சிங்குக்குள்ளை ஊத்தினன். பிளேட்டுகளை ஒவ்வொண்டா வாங்கினன். எல்லாரும் தந்தவை. என்னவோ எதுவோ எண்டு ஒரு வார்த்தை கேக்காமல், கை கழுவாமல், குனிஞ்ச தலையோடை தந்தவை. அவைக்குத் தெரியும், நான் என்ன சொல்லுறன் எண்டு. மாஸ்ரர் கடைசி வாயை மென்று விழுங்கிப்போட்டு பிளேட்டைத் தந்தவர்.

இவர் தரேல்லை.

இடக்கையாலை பிளேட்டைப் பிடிச்சுக்கொண்டு இருந்தவர். நான் இழுத்தன். அவரும் இழுத்தார். இத்தனை சனத்துக்கு முன்னாலை. கமராக்காறன் வேறை நிக்கிறான். அந்த நேரம் பாத்துத் தவமலர் குசினி வாசலிலை நிண்டு சொன்னவ, ஹோல் முழுக்கக் கேக்க, "சாப்பாட்டிலை ஒரு பிழையும் இல்லை. சமைச்சது நான் எண்டதுதான் பிழை."

டெனீஸ், அவ என்ன சொன்னவ எண்டு கேட்டாள். ஆரும் இங்கிலீசிலை சொல்லேல்லை. மாஸ்ரர் மேலை சீலிங்கைப் பாத்துக்கொண்டு நிண்டார். முப்பது வருசம் இங்கிலீஸ் படிப்பிச்ச மனிசன்.

அப்ப இவர் வாய் திறந்தவர். என்ரை பேரைக்கூட வடிவாச் சொல்ல வராத மனிசன். வாய் கோணும், எச்சில் வழியும், ஒரு சொல்லுக்கு அரை மணித்தியாலம் பாத்துக்கொண்டிருக்க வேணும். அண்டைக்குத் தெளிவாச் சொன்னவர். "விடு."

விட்டிட்டன். வேறை என்ன செய்ய? பாரிசவாதம் வந்தவைக்குத் திடீர் திடீரெண்டு கோவம் வரும், தாங்கள் என்ன செய்யினம் எண்டு தெரியாது எண்டு டொக்டர் முதலே சொன்னவர். அதுதான் அது. வேறை ஒண்டும் இல்லை. வெறும் சோத்தைத் தின்னப்போறார் எண்டு பாத்தால், பிளேட்டை அவவிட்டை நீட்டிக்கொண்டு சிரிக்கிறார். அவ மிச்சம் கிடந்த குழம்பைக் கொண்டுவந்து ஊத்தினா. அந்தக் கமராக்காறன் அதைப் படம் பிடிச்சுப்போட்டான்.

உம்மடை கையிலை கிடக்கிற நோட்டீசைத் திருப்பிப் பாரும். ஒரு வயசான மனிசன் பிளேட்டை நீட்டிக்கொண்டு சிரிக்கிறார் எல்லே, பக்கத்திலை ஒருத்தி கரண்டியோடை? அவர்தான் என்ரை மனிசன். கலியாணப் படத்திலைகூட அவர் அப்பிடிச் சிரிக்கேல்லை. உதை இந்தப் பகுதி முழுக்க வீடு வீடாப் போட்டவை.

அடுத்த கிழமை டெனீஸ் வீட்டை வந்தவள். தோசை வேண்டாம் எண்டிட்டாள். தேத்தண்ணியும் வேண்டாமாம். அவளுக்கு ஆரோ எல்லாத்தையும் விளங்கப்படுத்திப்போட்டினம். ஆர் எண்டு எனக்குத் தெரியும், பேர் சொல்ல விரும்பேல்லை, சுவெற்றர் போட்ட ஆள். சமைச்ச ஆளுக்காகவோ சாப்பாட்டைக் கொட்டினனீங்கள் எண்டு நேரை கேட்டாள். இல்லை, பால் திரைஞ்சுபோச்சு எண்டு சொன்னன். தானும் அதைத்தான் சாப்பிட்டனான், தனக்கு ஒண்டும் செய்யேல்லை எண்டு சொன்னாள். பேந்து, ஆரும் சமைக்கலாம் எண்டு சங்கம் கூடி முடிவெடுத்தால்தான் இனி லொத்தர்க் காசு எண்டாள். என்ரை குசினியிலை ஆர் நிக்கிறது எண்டு கவுன்சில் எனக்குச் சொல்லேலாது எண்டு நானும் சொல்லிப்போட்டன். அவளுக்கு எங்கடை பழக்கவழக்கம் என்ன தெரியும்? கறுப்பாப் பிறந்தவளுக்கு இதெல்லாம் விளங்கியிருக்க வேணும் எண்டும் சொன்னன். அவள் எழும்பிப் போட்டாள்.

கூட்டம் வச்சம். தவமலர் சமைக்கலாம் எண்டு சொல்லுறவை கையை உயர்த்துங்கோ எண்டு மாஸ்ரர் கேட்டவர். கேட்டுப்போட்டு முதல் கையை அவரே உயர்த்தினார். பேந்து ஒவ்வொரு கையா எழும்பினது. நான் அரிசி களைஞ்சு சோறாக்கிப் போட்ட கையள். காய்ச்சலுக்குக் கஞ்சி வச்சுக் கொண்டுபோய்க் குடுத்தனான் அந்த வீடுகளுக்கு. இவருக்குக் கை உயர்த்த ஏலாது எண்டு நான் நிம்மதியா இருந்தன். வலக்கைதானே போனது. இடக்கை இருக்கெண்டதை நான் மறந்துபோனன்.

தலைவி பதவியை நான் விடேல்லை. ஹோல் பூட்டின்ரை திறப்பு என்னட்டை இருந்தது, அதைக் குடுக்கவும் இல்லை. அப்ப அவை லைப்ரரிக்கு மேலை இடம் எடுத்து, புதுப் பேர் வச்சு, அந்த லொத்தர்க் காசையும் வாங்கி நடத்துகினம். இப்ப அங்கை எல்லாச் சனமும் வருகுதாம். சோமாலிக் கிழவியள்கூட வந்து சொதி குடிக்கினமாம். நானும் என்ரை பாட்டிலை சேர்ச் ஹோலிலை சமைச்சுக்கொண்டுதான் இருந்தனான். முதல் கிழமை கொஞ்சப் பேர் வந்தவை. பேந்து அவையும் இல்லை. கடைசி வியாழன் பானையைச் சுமந்துகொண்டு வீட்டை வந்து, அந்தச் சோத்தை நான் தனிய எத்தினை நாள் சாப்பிட்டன் தெரியுமோ? இவர் தொடேல்லை.

தமிழ்க் கவுன்சிலர் ஒருத்தர் இருக்கிறார், அவருக்குப் போன் அடிச்சு முறையிட்டனான். அன்ரி, இந்தக் கதையைப் பெரிசாக்காதையுங்கோ, பேப்பரிலை வந்தால் எங்கள் எல்லாருக்கும் வெக்கம் எண்டு சொன்னார். பாரும், அவருக்கும் வெக்கம் என்னாலைதானாம்.

இவர் என்ன செய்தவர் எண்டால், வியாழக்கிழமை விடிஞ்சால் தானே ஒற்றைக் கையாலை சேர்ட்டைக் கொழுவிக்கொண்டு, ஊண்டுபொல்லோடை வந்து வாசல் கதிரையிலை இருப்பார். நான் காணாத மாதிரித் திரிஞ்சன். ஒருநாள் கதவைத் திறந்து தன்பாட்டிலை வெளிக்கிட்டிட்டார். காலை இழுத்து இழுத்து பஸ் ஸ்ரொப் வரைக்கும் போயிட்டார். றோட்டிலை விழுந்து கிடந்தால் சனம் என்னையெல்லே பேசும்? பிறகென்ன, நான்தான் கூட்டிக்கொண்டு போறன். ஓம் பிள்ளை, இப்பவும் அங்கைதான் போறன். காலமை கொண்டுபோய் விட்டிட்டு வந்தன், இப்ப திருப்பிக் கூட்டிக்கொண்டுவரப் போறன். லிப்ற் வாசல் மட்டும்தான் போவன். மேலை ஏறமாட்டன். பஸ் ஸ்ரொப்பிலை நிண்டுகொள்ளுவன். எனக்கென்ன குறை, அங்கை கூரை இருக்கு.

போன கிழமை நல்ல மழை. காத்து கூரைக்குக் கீழாலை வந்து அடிக்குது. கை விறைச்சுப்போச்சு. மேல் ஜன்னலாலை ஆரோ பாத்திருக்கினம். அவ இறங்கி வந்தவ, குடையும் இல்லாமல், கையிலை ஒரு கப் தேத்தண்ணியோடை. "அக்கா, சரியாக் குளிருது, குடியுங்கோ" எண்டு நீட்டினவ. வாங்கினன். வாங்காமல் விட்டால் அதுக்கும் ஒரு கதை கட்டுவினம். அவ திரும்பி மேலை போட்டா. நான் ரெண்டு கையாலையும் கப்பைப் பொத்திக்கொண்டு நிண்டன். இஞ்சி போட்டது. நல்ல மணம். கைச் சூட்டுக்கு நல்லாத்தான் இருந்தது. குடிக்கேல்லை. சூடு ஆறும் மட்டும் பிடிச்சுக்கொண்டு நிண்டன், ஆறின பிறகும் வைக்க இடமில்லாமல் பிடிச்சுக்கொண்டு நிண்டன்.

பேந்து அவதான் இவரைக் கையிலை பிடிச்சு இறக்கிக்கொண்டு வந்தவ. கப் நிறைஞ்சபடி கிடக்கிறதைக் கண்டவ. ஏன் அக்கா குடிக்கேல்லை எண்டு ஒரு சொல்லுக் கேக்கட்டுமே. கேட்டிருந்தால் நானும் என்னவோ சொல்லியிருப்பன், சீனி கூட எண்டோ, எனக்குப் பிரசர் எண்டோ. கேக்கேல்லை. என்ரை கையிலை இருந்து கப்பை எடுத்தா, தேத்தண்ணியைப் புல்லிலை ஊத்தினா, இவரைப் பாத்து வாற வியாழன் வாங்கோ ஐயா எண்டு சொன்னா, கப்பைக் கொண்டு மேலை ஏறிப் போட்டா.

அவ்வளவு திமிர் பிள்ளை அவவுக்கு.